நுரையீரலும் நாள் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வைரஸ் நிமோனியாவைப் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். பல கடிதங்களில் காய்ச்சல் தொடங்கிய தேதி இல்லை என்பதை வருத்தத்துடன் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடுமையான வைரஸ் காய்ச்சல் நுரையீரலை அரித்துத் தின்றுவிடும் என்கிறார்கள். உள்ளே நடப்பது என்ன? (பாலக்கோடு)

அரிப்பது என்பது பாதி உண்மைதான். நம் நுரையீரல்களில் 30 முதல் 50 கோடி வரை காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையில் உள்ள சுவர் ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லாதது. அந்தச் சுவரில் பெரும்பரப்பைப் போர்த்தியிருப்பவை தட்டையான முதல் வகைச் செல்கள். அவற்றினிடையே ஆங்காங்கே உள்ள இரண்டாம் வகைச் செல்கள்தான் சர்ஃபக்டன்ட் என்னும் வழவழப்பான பொருளைச் சுரந்து, மூச்சை வெளியே விடும்போது நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கின்றன. கோவிட் வைரஸ் குறிவைத்துப் பற்றுவது இந்த இரண்டாம் வகைச் செல்களைத்தான். அவை மடிந்தால் சர்ஃபக்டன்ட் குறைந்து நுண்ணறைகள் மூடிக்கொள்ளும். மேலும், முதல் வகைச் செல்கள் அழியும்போது அவற்றின் இடத்தை நிரப்ப வேண்டியவையும் இவையே என்பதால், பழுது பார்க்கும் ஆளையும் சேர்த்தே இழந்துவிடுகிறோம்.

மீதிப் பாதி சேதத்தைச் செய்வது நம் எதிர்ப்பாற்றலே. கிருமியைத் தேடி வரும் வெள்ளணுக்கள் வெளியிடும் பொருள்களால் ரத்த நுண்குழாய்களின் சுவர் கசிந்து, புரதம் மிகுந்த நீர் நுண்ணறைகளுக்குள் இறங்குகிறது. இறந்த செல்களும், ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்னும் நார்ப்புரதமும் சேர்ந்து உள்சுவரில் கண்ணாடிபோன்ற ஒரு படலமாகப் படிகின்றன. நுண்குழாய்களுக்குள் ரத்தமும் உறைகிறது. நீர் நிறைந்த அறைகளைக் கடந்து செல்லும் ரத்தம் ஆக்சிஜனைப் பெறாமலேயே இதயத்துக்குத் திரும்புகிறது. 1967-இல் ஆஷ்பாவும் அவருடைய சகாக்களும் முதன்முதலாக விவரித்த, ஏ.ஆர்.டி.எஸ். என்னும் கடுமையான மூச்சுத்திணறல் நிலை இதுதான். நல்ல நுரையீரலில் ஒரு துண்டை எடுத்து நீரில் போட்டால் மிதக்கும். இந்நிலையில் இறந்தவரின் நுரையீரல் துண்டு, ஈரலைப் போலக் கெட்டிப்பட்டு மூழ்கிவிடும்.

இது ஒரே நாளில் நடந்துவிடுவதில்லை. கோவிட்டில் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள்களுக்குள்ளும், இன்ஃப்ளூயன்சாவில் நான்காம் ஐந்தாம் நாளிலேயும் மூச்சு மோசமாகத் தொடங்கும். காய்ச்சல் கண்ட அன்றே தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

ஓசூர் மேட்டுப்பகுதி என்பதால் இங்கே ஆக்சிஜன் அளவு 90 இருந்தாலும் இயல்புதானே? (ஓசூர்)

இல்லை. ஏறத்தாழ 900 மீட்டர் உயரம் நலமான நுரையீரலுக்கு ஒரு பொருட்டன்று. 95-க்கு மேல்தான் காட்ட வேண்டும். 90 என்றால் இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சி.டி. ஸ்கேனில் 25-க்கு 11 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா? (காரிமங்கலம்)

வயது எழுதவில்லை, எத்தனையாவது நாளில் எடுத்த படம் என்று எழுதவில்லை, ஆக்சிஜன் அளவும் சர்க்கரை நோய் உண்டா என்பதும் இல்லை. ஆனால் அறிக்கையின் புகைப்படத்தை மட்டும் மூன்று முறை அனுப்பியிருக்கிறீர்கள். இந்த எண் நுரையீரலில் எவ்வளவு பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுவது, பரீட்சை மதிப்பெண் அன்று. நான்காம் நாளில் 11 என்பதும் பதினான்காம் நாளில் 11 என்பதும் முற்றிலும் வேறு வேறு நிலைமைகள். தேதியோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

தந்தையாருக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியில் 84 காட்டியது. ஆனால் அவர் திண்ணையில் உட்கார்ந்து இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தார். கருவி பழுது என்று எண்ணி ஒரு நாள் பார்த்தோம். அது சரிதானா? (பென்னாகரம்)

சரியன்று, அந்த ஒரு நாள் விலைமதிப்பற்றது. மூச்சுத்திணறல் என்ற உணர்வைப் பெரும்பாலும் எழுப்புவது கார்பன் டை ஆக்சைடு கூடுவதே. அது ஆக்சிஜனைவிட இருபது மடங்கு எளிதாகச் சுவரைக் கடந்து வெளியேறுவதால், நுரையீரல் பாதி கெட்ட பின்னும் ரத்தத்தில் அது தேங்குவதில்லை. ஆகவே மூளைக்கு எச்சரிக்கை போவதில்லை. ஆள் பேசுவார், இட்லி சாப்பிடுவார், ஆக்சிஜன் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். 90-க்குக் கீழே போய்விட்டால் பிறகு சரிவு மிக வேகமானது.

விரல் குளிர்ந்திருந்தாலும், மருதாணியோ நகச்சாயமோ இருந்தாலும் கருவி தவறாகக் காட்டக்கூடும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். உங்கள் விரலிலும் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு 98 காட்டி அவருக்கு 84 காட்டினால் கருவியில் பழுதில்லை. அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வேப்பிலை, நொச்சி போட்டு ஆவி பிடித்தால் நுரையீரலில் உள்ள கிருமி சாகுமா? (அரூர்)

சாகாது. ஆவியின் சூடு மூக்கையும் தொண்டையையும் தாண்டுவதில்லை. மூக்கடைப்புக்குச் சற்று இதமாக இருக்கும், அவ்வளவே. கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் நாளே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கியதில் காய்ச்சல், உடல்வலி எல்லாம் ஒரே வேளையில் பறந்துவிட்டன. ஆறாம் நாள் திடீரென மூச்சு வாங்கியது. வைரஸ் உருமாறிவிட்டதா? (மொரப்பூர்)

வைரஸ் உருமாறவில்லை. நீங்கள் விழுங்கியது என்னவென்று பார்ப்போம். என் அறைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தச் சிறிய காகித உறையைத்தான். மேசையில் கொட்டச் சொல்வேன். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்த நான்கு மாத்திரைகள் இருக்கும். பெயர் அச்சான பகுதி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். ஒன்று பாராசிட்டமால், ஒன்று சளிக்கு, ஒன்று ஆன்டிபயாட்டிக். நான்காவதாக, மிளகு அளவில் ஒரு வெள்ளை மாத்திரை பலமுறை இருக்கும். அதுதான் ஸ்டீராய்டு. ஒரே வேளையில் உங்களை எழுந்து நடக்க வைத்தது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

ஸ்டீராய்டு நல்ல மருந்து. அதை நானும் எழுதிக் கொடுக்கிறேன். கோவிட்டில் உயிரைக் காக்கும் என்று முதலில் நிறுவப்பட்ட மருந்தே டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டுதான். 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆனால் அதே ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்படாத நிலையில் அதைப் பெற்றவர்களுக்கு எந்தப் பயனும் கிடைக்கவில்லை என்பதை மக்களும் கேட்பதில்லை, கடையில் கொடுப்பவரும் சொல்வதில்லை. முதல் வாரத்தில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது அதை எதிர்க்கும் படையின் கையைக் கட்டிவிட்டு, காய்ச்சல் போய்விட்டது என்று மகிழ்கிறோம். காய்ச்சல் என்னும் மணியின் நாக்கைக் கழற்றிவிட்டதால் மணி அடிக்கவில்லை. தீ எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இன்ஃப்ளூயன்சாவுக்கு ஓசல்டாமிவிர் என்ற மருந்து உண்டு. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பயன் கிடைக்கும். அந்த 48 மணி நேரத்தைத்தான் அந்தக் காகித உறை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது.

சர்க்கரை நோயாளியாக இருந்தால் கேடு இரட்டிப்பாகும். 2021-இல் கறுப்புப் பூஞ்சையால் கண்ணையும் மேல்தாடையையும் இழந்தவர்களில் மிகப் பலர், சர்க்கரை கட்டுப்படாத நிலையில் ஸ்டீராய்டு பெற்றவர்கள். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் மூட்டை தூக்குபவருக்கு ஒரு நாள் கூலியை விட மனமில்லை. விரைவில் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே அவர் இதை விழுங்குகிறார். அந்தத் தேவையை நான் அறிவேன், அவரைக் குறை சொல்லவில்லை. பெயர் தெரியாத மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பவரைத்தான் குறை சொல்கிறேன். முழு அட்டையாகக் கேளுங்கள், பெயரைக் கேளுங்கள், பில் கேளுங்கள். ஆஸ்துமாவுக்கோ வேறு நோய்க்கோ மருத்துவர் சொல்லி ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, அதுவும் ஆபத்தே.

வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் பயனில்லை என்றால் மருத்துவமனையில் ஏன் போடுகிறார்கள்? (ஊத்தங்கரை)

வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா எளிதாகக் குடியேறும் என்பதால். 1918 இன்ஃப்ளூயன்சாவில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இந்த இரண்டாம் தொற்றே. குறைந்த காய்ச்சல் மீண்டும் ஏறினால், சளி மஞ்சளாகவோ துருநிறமாகவோ மாறினால் காத்திருக்க வேண்டாம்.

வென்டிலேட்டரில் போட்டால் ஆள் திரும்ப மாட்டார் என்று உறவினர்கள் கையெழுத்திட மறுக்கிறார்கள். (தேன்கனிக்கோட்டை)

கருவியைக் குறித்த அச்சத்தில் ஓர் உண்மை இருந்தது. கெட்ட நுரையீரலில் காற்றேற்கும் பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவே மிஞ்சும். அதற்குள் பெரியவருக்கான காற்றைச் செலுத்தினால் அது கிழியும். 2000-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வுக்குப் பின், உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 மில்லி லிட்டர் என்ற சிறிய அளவே செலுத்தப்படுகிறது. இறப்பு சுமார் 40 விழுக்காட்டிலிருந்து 31-ஆகக் குறைந்தது. கடுமையான நிலையில் நாளுக்கு 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைப்பதும் உயிர்களைக் காக்கிறது. கருவி நோயைத் தீர்ப்பதில்லை. நுரையீரல் தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளும் வரை நாள்களை வாங்கித் தருகிறது. தாமதமாகக் கையெழுத்திட்டால் வாங்க நாள்கள் மிஞ்சுவதில்லை.

கிரானைட் அறுக்கும் பட்டறையில் பதினைந்து ஆண்டுகள் வேலை. வைரஸ் நிமோனியா வந்து மூன்று மாதமாகிறது. மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. தழும்பு மறையுமா? (பர்கூர்)

தேவையானவற்றைத் தெளிவாக எழுதியதற்கு நன்றி. வைரஸ் விட்டுச்சென்ற மாற்றங்களில் பெரும்பகுதி ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் குறையும்; எஞ்சிய இரண்டாம் வகைச் செல்கள் பெருகிச் சுவரைப் புதுப்பிக்கும். சிலருக்கு மட்டும் தழும்பு நிலைத்துவிடும். உங்கள் நிலையில் நான் அஞ்சுவது வேறொன்றை. கல்தூளில் உள்ள சிலிக்கா உண்டாக்கும் தழும்பு மறைவதில்லை. அது காசநோய்க்கும் வழிவிடும். இரண்டும் கலந்திருக்கின்றனவா என்பதைப் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். நோய்க்கு முன்பு எடுத்த படம் எதுவாக இருந்தாலும் தேடி எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரியின் நுரையீரல் பிரிவுக்குச் செல்லுங்கள். சளிப் பரிசோதனையும், ஆறு நிமிட நடைச் சோதனையும், ஊதும் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அவற்றின் முடிவு வரும் வரை பட்டறைக்குத் திரும்ப வேண்டாம்.