பனியில் ஓட்டச் செயினா, கேபிளா, விண்டர் டயரா?

நீங்கள் கேட்டது: முன்சக்கரங்கள் இழுக்கும் கார், குளிர்காலத்தில் சில தடவை மலைப்பாதைப் பயணம். டயர்மேல் மாட்டும் இரும்புச் செயின், அதே வேலைக்கான மெல்லிய கம்பிவடக் கேபிள், குளிருக்கென்றே செய்த விண்டர் டயர், இந்த மூன்றில் எதை வாங்கலாம்?

இந்தக் கேள்வி எங்கே வந்தாலும் "ஆல் வீல் டிரைவ் வாங்குங்க, ஒண்ணும் தேவையில்லை" என்று ஒரு பதில் வந்துவிடும். அதை முதலில் முடித்துவிடுகிறேன். நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி கிளம்பும், மேடு ஏறும். பிரேக் பிடிக்கும்போது அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிரேக் எந்தக் காரிலும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்துவது ரப்பருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. ஏறின வண்டி இறங்கவும் வேண்டுமல்லவா?

எதையும் வாங்கும் முன் கார் கையேட்டில் செயின் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். பல கார்களில் "செயின் போடக்கூடாது" என்றோ, "இந்த அளவு டயரில் மட்டும் போடலாம்" என்றோ இருக்கும். காரணம் இடம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்தி, டயரின் உள்பக்கச் சுவருக்கும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் தண்டு) நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் நுழையவே சிரமப்பட்டால் தடித்த செயினை மறந்துவிடுங்கள். இடம் குறைந்த கார்களுக்கென்றே 'கிளாஸ் எஸ்' என்று ஒரு வகுப்பு உண்டு. டயரின் மேல்பரப்பில் 37 மி.மீ., பக்கச் சுவரில் 15 மி.மீ. இடைவெளி இருந்தால் அந்த வகை பொருந்தும். கேபிள் என்ற சாதனம் பிழைத்திருப்பதே இந்த இடப் பிரச்சினையால்தான்.

இனி விண்டர் டயர். சாதாரணக் கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். விண்டர் டயரின் கலவை குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். அதன் பட்டன் (மேல்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டி) ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி விரித்தால் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் வாய் திறக்கும். சாலையில் உருளும்போது அந்த விளிம்புகள்தான் பனியைக் கவ்வுகின்றன. அகலமான பள்ளங்களில் பனி போய் அடைத்துக்கொள்வதும் நல்லதுக்குத்தான். பனியோடு பனி ஒட்டும்.

டயரின் பக்கத்தில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகளும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்னம் பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் கிடைக்கும். வெறும் 'எம்+எஸ்' (சேறும் பனியும்) என்பது பட்டன் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் குளிர்காலச் சாலைக்கு மலைச் சின்னம் இல்லாத 'எம்+எஸ்' டயர் செல்லாது. அதற்காக மலைச் சின்னத்தைப் பார்த்து ஐஸிலும் நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தச் சோதனை பனியில் உள்ள பிடிப்புக்கானது. கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸ் வேறு விஷயம்.

"இழுக்கிற சக்கரம் முன்னாடிதானே, இரண்டு போதும்" என்பவர்களோடு நான் சமரசம் செய்துகொள்ளவே மாட்டேன். முன்பக்கம் மட்டும் பிடிப்பு இருந்தால் இறக்க வளைவில் பிரேக் தொட்டதும் பின்பக்கம் வழுக்கி முன்னால் சுற்றி வரும். நாலும் மாற்றுங்கள், இல்லையென்றால் மாற்றாதீர்கள். டயர்ப் பள்ளத்தின் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டம் அனுமதித்தாலும் பனிக்கு அது மொட்டை டயர்தான். பழைய செட் வாங்கினால் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 3522 என்றால் 2022-ன் 35-வது வாரத் தயாரிப்பு. வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். அதனால் கராஜ் சூட்டில் அளக்காமல், வெளியில் நின்று குளிர்ந்த டயரில் அளந்து பாருங்கள்.

செயின் வேறு ரகம். ஆழமான பனியையும் இறுகிய பனியையும் இரும்பால் கடித்துப் போகும். ஏற்றத்தில் விண்டர் டயர் திணறும் இடத்தில்கூட இது ஏறும். இழுக்கும் சக்கரத்தில் போட வேண்டும். உங்கள் காரில் அது முன்சக்கரம். வேகம் 50 கி.மீ.க்குள், செயின் பெட்டியில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதற்குள். டயரில் 205/55 ஆர்16 என்றிருந்தால் பெட்டியிலும் அதே அளவு இருக்க வேண்டும். "கிட்டத்தட்டப் பொருந்தும்" என்ற பேச்சே கூடாது.

பின்னால் வளையம் வரும் வகையை மாட்டுவது இப்படி. சமதளத்தில், சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். செயினைத் தரையில் விரித்து முறுக்கு எடுங்கள். வளையத்தை டயருக்குப் பின்னால் செலுத்தி, இரு முனைகளையும் மேலே கோர்த்து, பின்பக்கம் முழுக்கத் தள்ளிவிடுங்கள். பிறகு வெளிப்பக்கக் கொக்கியை மாட்டி, இழுப்புச் செயினை இறுக்குங்கள். கொக்கியின் வாய் ரப்பரைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். மிச்ச வால் தொங்கக் கூடாது. மெதுவாக 50–100 மீட்டர் ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். இந்த இரண்டாவது இறுக்கத்தைத் தவிர்ப்பதால்தான் பெரும்பாலான செயின் கழல்கிறது. தளர்ந்த வால் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் அடிக்கும். உள்ளே 'டொக் டொக்' என்று கேட்டால் உடனே ஓரங்கட்டுங்கள். மாட்டுவதற்காக டயரில் காற்றைக் குறைக்கவே கூடாது. முதல் தடவை வீட்டு வாசலில் பகலில் பழகுங்கள். விரல் மரத்த நேரத்தில் குறிப்பேடு படிக்க முடியாது.

கேபிள் மெல்லியது, இலகு, ஓட்டமும் மென்மை. ஆனால் ஆழமான பனியில் கடி குறைவு. செயினில் ஒரு கண்ணி உடைந்தால் மாற்றுக் கண்ணி போடலாம். கேபிளில் இழை பிரிந்தால் அதோடு சரி. வெறும் தார்ச்சாலையில் இரண்டுமே சீக்கிரம் அறும். டயருக்கு மாட்டும் துணி உறையும் உண்டு. அவசரத்துக்கு ஆகும், காய்ந்த சாலையில் கிழியும்.

கேட்காததை ஒன்று சொல்லியே ஆக வேண்டும். காரின் கூரையில் ஒரு சாண் பனியோடு கிளம்புகிறவர்களை மன்னிக்க முடியவில்லை. பிரேக் அடித்ததும் அது மொத்தமாகச் சரிந்து முன்கண்ணாடியை மூடும், வேகமெடுத்தால் பின்னால் வருபவர்மேல் பறக்கும். செயின் மாட்டிய கையோடு அதையும் தள்ளிவிடுங்கள்.

உங்களுக்கு என் பதில்: நாலு விண்டர் டயர், டிக்கியில் உங்கள் கார் ஏற்கும் வகைச் செயின் அல்லது கேபிள் ஒரு ஜோடி. டயர் நல்லதாக இருந்தும் செயின் எதற்கு என்றால், சட்டமும் கேட்கும். கலிபோர்னியாவில் 'ஆர்2' என்ற செயின் கட்டுப்பாட்டு நிலையை அறிவித்தால், நாலு டயரும் பனி டயராக உள்ள நாலு சக்கர இழுவை வண்டிக்கு மட்டுமே விலக்கு. முன்சக்கரக் கார் செயினோ அதற்கு ஈடான சாதனமோ மாட்டித்தான் ஆக வேண்டும். மொத்தமே ஓரிரு பயணம், பனிவாரி வண்டி போகும்வரை காத்திருக்க நேரம் உண்டு என்றால் நல்ல செயின் மட்டும் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அப்போது பின்சக்கரம் வெறுமனேதான் இருக்கிறது. இறக்கத்தில் சின்ன கியரில், நடை வேகத்தில் இறங்குங்கள்.

திரும்பி வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் அலசி, தொங்கவிட்டுக் காய வைத்துப் பிறகு பையில் போடுங்கள். சாலையில் தூவிய உப்பு ஒரே மாதத்தில் துருவாக்கிவிடும். கேபிள் என்றால் கையுறை போட்டுக்கொண்டு தடவிப் பாருங்கள். இழை குத்தினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.