வெட்டும் நொதி, அதைக் கட்டும் மருந்து
வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர் ராயபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர். புரதத்தை வெட்டும் நொதிகளையும் அவற்றை முடக்கும் தடுப்பான்களையும் ஆராய்ந்தவர்.

கேள்வி: ஜிம்முக்குப் போகிறேன். மீன், முட்டைக்குப் பதிலாக ஊறவைத்த சோயாவைப் பச்சையாக அரைத்துக் குடிக்கலாமா? (வாசகர், காசிமேடு)

வேண்டாம். காசிமேட்டில் குடியிருந்துகொண்டு மீனுக்குப் பதில் தேடுகிறீர்களே, அது போகட்டும்.

தின்ற புரதத்தைச் சிறுகுடலில் துண்டாக்குவதில் முக்கியமானது, கணையத்திலிருந்து வரும் டிரிப்சின். பச்சை சோயாவில் அந்த டிரிப்சினையே முடக்கும் புரதம் இருக்கிறது. உயிர்வேதியியலாளர் மோசஸ் குனிட்ஸ் 1945-இல் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி; அதில் லைசின், அர்ஜினின் என்ற இரண்டை அடுத்துத்தான் டிரிப்சின் வெட்டும். சோயாப் புரதம் ஓர் அர்ஜினினை முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும். டிரிப்சின் ஆசையாகக் கவ்வும்; கவ்வியபின் எளிதில் விடுபட முடியாது. பச்சை சோயா தின்ற எலிகளுக்கும் கோழிக்குஞ்சுகளுக்கும் உடல் தேறவில்லை, கணையம்தான் பெருத்தது. முடங்கிப்போன டிரிப்சினை ஈடுகட்ட அது ஓயாமல் சுரக்க வேண்டியிருந்தது. ஊறவைத்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். தடுப்பானின் பெரும்பகுதி அந்தச் சூட்டில் செயலிழந்துவிடும்.

கேள்வி: ஐஸ் போட்டு வைத்தாலும் மத்தி மீனுக்கு வயிறு மட்டும் முதலில் கிழிந்துபோகிறதே? (மீன் விற்கும் வாசகி, காசிமேடு)

நன்றாக இரை தின்ற நேரத்தில் வலையில் விழுந்த மத்தி அது. அதன் குடலில் செரிமான நொதிகள் நிறைந்திருக்கும். மீன் செத்ததும் அவற்றை அடக்கி வைக்க ஆளில்லை. வயிற்றுச் சுவரையே செரிக்கத் தொடங்கிவிடும். மீன் குளிர்ந்த உடம்புக்காரன் என்பதால் அதன் நொதிகளுக்கும் குளிர் அவ்வளவு பெரிய தடையில்லை. ஐஸ் அவற்றை மெதுவாக்கும், நிறுத்தாது. வஞ்சிரத்துக்குக் குடலை எடுத்துவிடலாம், கூடை மத்திக்கு யார் எடுப்பது? சீக்கிரம் விற்றுவிடுங்கள்.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் மாத்திரை தொடங்கியதிலிருந்து வறட்டு இருமல். அக்கம்பக்கத்தார் குப்பைமேட்டுப் புகை என்கிறார்கள். மாத்திரைக்கும் இருமலுக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

உண்டு, அம்மா. புகையை நான் நல்லதென்று சொல்லவில்லை. ஆனால் முதலில் மாத்திரையைத்தான் சந்தேகிப்பேன்.

நம் நுரையீரலின் ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒரு வெட்டும் நொதி ஏராளமாக இருக்கிறது. ஆஞ்சியோடென்சின் என்ற பத்து அமினோ அமிலச் சங்கிலியின் நுனியில் இரண்டை அது நறுக்கிவிடும். மிஞ்சும் எட்டுதான் ரத்தக்குழாயை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுவது. அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: குழாயைத் தளர்த்தும் பிராடிகைனினை வெட்டி அழிப்பது. உங்கள் மாத்திரை அந்த நொதியை முடக்குகிறது. அழுத்தம் இறங்குகிறது, சரி. ஆனால் வெட்டுப்படாத பிராடிகைனினும் சேர்ந்துவிடுகிறது. அது மூச்சுக்குழாயின் நரம்புகளைச் சீண்டுவதால்தான் இருமல் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம்.

இந்த வகை மருந்தின் மூலம் பிரேசில் நாட்டு ஜராராகா என்ற விரியன் பாம்பு. அதன் நஞ்சில் பிராடிகைனினின் வேலையைக் கூட்டிவிடும் பொருள் இருப்பதை அந்நாட்டு ஆய்வாளர் செர்ஜியோ ஃபெரெய்ரா 1960-களில் கண்டார். பிறகு லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்கு அதைக் கொண்டுபோனார். நஞ்சிலிருந்து பிரித்த சிறு புரதத்துண்டு ஊசியாகப் போட்டால் அந்த வெட்டும் நொதியை முடக்கி அழுத்தத்தை இறக்கியது. விழுங்கினால் பயனில்லை, வயிறு அதையும் செரித்துவிடும். அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி என்ற இருவர் அந்த நொதியின் நடுவில் ஒரு துத்தநாக அணு இருப்பதைக் குறிவைத்தார்கள். நஞ்சுத்துண்டின் நுனியில் இருந்த புரோலின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொண்டு, துத்தநாகத்தைப் பற்றும் கந்தகத்தையும் சேர்த்து, சின்ன மூலக்கூறு ஒன்றை வடிவமைத்தார்கள். அதுதான் கேப்டோப்ரில்; 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்கள் எனலாப்ரில் அதற்குத் தம்பி. ஆயிரக்கணக்கான பொருள்களைக் குருட்டாம்போக்கில் சோதிக்காமல், நொதியின் உருவத்தை ஊகித்தே செய்த மருந்து. எங்கள் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை இது.

நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் இருமலைச் சொல்லுங்கள். லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற அழுத்த மாத்திரைகள் இந்த நொதியைத் தொடுவதில்லை. அவற்றில் இருமல் தொல்லை குறைவு. எது உங்களுக்கு ஏற்றது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: மட்டனுக்குப் பப்பாளிக்காய் எவ்வளவு நேரம்? (வாசகர், தண்டையார்பேட்டை)

காயின் பாலில் இருக்கும் பப்பாயின் என்ற புரதம் வெட்டும் நொதி அறுபது, எழுபது டிகிரி சூட்டில்தான் துள்ளி வேலை செய்யும். கொதி ஏறினால் அடங்கிவிடும். ஆகவே அடுப்பில் ஏற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் வெட்டிக்கொண்டிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்து, முன்னதாக ஊறும் நேரத்தைக் குறையுங்கள். இரவு முழுக்க ஊறினால் கறி கூழாகிவிடும். மசாலாவில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்ப்பவரா நீங்கள்? அதில் பப்பாயினை முடக்கும் சிஸ்டாடின் இருக்கிறது. ஒரே பாத்திரத்தில் இரண்டையும் போட்டுச் சண்டை மூட்ட வேண்டாம்.