டீ ஃபேக்டரி அடுப்பில் செராமிக் குழாய்

கேள்வி (கோத்தகிரி வாசகர்): எங்கள் சின்ன டீ ஃபேக்டரியில் டிரையருக்குச் சூடான காற்று தரும் விறகு அடுப்பில், நெருப்புக்கு நேர் மேலே இருக்கும் இரும்புக் குழாய்கள் செதில் செதிலாக உதிர்ந்து ஓட்டை விழுகின்றன, தூளில் புகை வாடை ஏறுகிறது. செராமிக் குழாய் போட்டால் தீருமா?

பதில்: தீராது, வம்புதான் கூடும்.

செராமிக் சூட்டைக் கடத்தாதே என்று நினைப்பீர்கள், பிரச்சினை அது இல்லை. சிலிக்கான் கார்பைடு என்ற செராமிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட நன்றாகவே கடத்தும். ஒரு பக்கம் புகை, மறுபக்கம் காற்று என்றால் சூடு தயங்குவது அந்த இரண்டிலும்தான், நடுச்சுவரில் அல்ல.

தொல்லை இணைப்பில் இருக்கிறது. ஒரு மீட்டர் குழாயின் சூடு 1000 டிகிரி ஏறினால் சிலிக்கான் கார்பைடு சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும், அலுமினா என்ற இன்னொரு செராமிக் எட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பதினெட்டு. இரண்டு முனையையும் இரும்புத் தகட்டில் இறுக்கினால் உடையப்போவது செராமிக்தான், ஏனென்றால் அது அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதனால் ஒரு முனையை நகரவிட்டு ஸ்பிரிங் வைத்து அழுத்திப் பிடிப்பார்கள். நகர்கிற இடத்தில் கொஞ்சம் கசியும். கசிந்தால்? நீங்கள் புகார் சொன்ன அதே புகை வாடை!

இன்னொன்று விறகுச் சாம்பல். சிலிக்கான் கார்பைடைக் காப்பாற்றுவது அதன்மேல் தானாகப் படியும் சிலிக்கா படலம். கற்பூர மரமோ சீகையோ, எந்த விறகின் சாம்பலிலும் பொட்டாசியம் உண்டு, அது கடும் சூட்டில் அந்தப் படலத்தோடு சேர்ந்து உருகி அரித்துவிடும்.

உங்களுக்கு வேண்டியதோ 100 டிகிரியைச் சற்றுத் தாண்டிய காற்று, அதற்கு இரும்பே போதும். சுடர் நேராகக் குழாயில் அடிக்காதபடி தீச்செங்கல்லில் ஒரு வளைவு கட்டுங்கள், கீழ் வரிசைக்கு மட்டும் கடும் சூடு தாங்கும் 310 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். அப்புறம் நம் மலையில் கரண்ட் போவது தெரிந்ததுதானே, குழாய்க்குக் காற்று தள்ளும் புளோயர் நின்றும் நெருப்பு எரிந்துகொண்டே இருந்தால் குழாய் பழுக்கும். ஜெனரேட்டர் உடனே ஓடத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் புகையைக் குழாய் பக்கம் விடாமல் நேரே சிம்னிக்குத் திருப்ப ஒரு டேம்பர் (திறந்து மூடும் தடுப்புத் தகடு) வேண்டும்.

கேள்வி (கொடைக்கானல் வாசகர்): 1250 டிகிரி மண்பாண்டச் சூளையின் புகைச் சூட்டில் பர்னர் காற்றைச் சூடேற்ற, என் களிமண்ணிலேயே குழாய் செய்யலாமா?

பதில்: செராமிக்குக்குப் பொருத்தமான இடம் இதுதான், ஆனால் அந்த மண் வேண்டாம். அதில் கரையாமல் தங்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று பருமன் மாறும், ஏற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் விரிசல் வளரும். முல்லைட் (இதுவும் ஒரு செராமிக்) அல்லது சிலிக்கான் கார்பைடு குழாயை விலைக்கு வாங்குங்கள். தினமும் எரியாத சூளை என்றால் போட்ட பணம் திரும்பாது, சரி, ஆசைக்குச் செய்தாலும் உங்கள் பர்னர் சூடான காற்றைத் தாங்கும் ரகமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.