7-இன் வர்க்கம் ஏன் 14 இல்லை? – கணக்குக் கேள்வி பதில்

என் மகள் எட்டாம் வகுப்பு. 7² = 14, 9² = 18 என்று எழுதிவிடுகிறாள். சொல்லிக்கொடுத்தால் அன்றைக்குச் சரி, மறுவாரம் பழைய கதைதான்.
– ஒரு தாய், கரூர்

இந்தத் தப்பு பெரும்பாலும் முதல் எடுத்துக்காட்டிலேயே முளைத்துவிடுகிறது. 2² = 4 என்றுதான் எல்லாரும் தொடங்குகிறோம். 2 × 2-உம் 4, 2 + 2-உம் 4. பிள்ளை மனதில் எது பதிந்தது என்று நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. 2-ஐத் தாண்டி 3-லிருந்தோ 5-லிருந்தோ தொடங்குங்கள்.

ஒரு பிடி புளியங்கொட்டை போதும். வரிசைக்கு 7 வீதம் 7 வரிசை அடுக்கச் சொல்லுங்கள். 14 கொட்டை இரண்டே வரிசையில் தீர்ந்துவிடும், சதுரம் வராது. 49-ஆவது கொட்டையில்தான் நான்கு பக்கமும் சமமாகும். அடுத்து 3-க்கு 3 அடுக்கி, அதை 4-க்கு 4 ஆக்க எத்தனை கொட்டை வேண்டும் என்று கேளுங்கள். வலப்பக்கம் 3, கீழே 3 என்று 6 எடுப்பாள். தடுக்காதீர்கள். வைத்து முடித்ததும் மூலையில் ஓட்டை தெரியும். அங்கே ஒன்று வைத்தால் 7. இப்படியே ஒன்றிலிருந்து அடுக்கிக்கொண்டு வந்தால் 1 + 3 + 5 + 7 = 16. ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வருவது இதனால்தான். அந்த மூலைக் கொட்டையை மறக்காமல் வைத்திருங்கள், கீழே இன்னொரு பதிலில் தேவைப்படும்.

சொல்லும் கொஞ்சம் குழப்புகிறது. ‘வர்க்கம்’ என்றால் பேச்சில் நமக்கு நடுத்தர வர்க்கம்தான் நினைவுக்கு வருகிறது, அதில் சதுரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘சதுர எண்’ என்ற சொல் எவ்வளவோ மேல். வீட்டில் அப்படிச் சொல்லிப் பழக்குங்கள். தேர்வுத்தாளில் ‘வர்க்க எண்’ என்றே எழுதட்டும்.

எண்ணைப் பார்த்ததுமே அது வர்க்க எண்ணா இல்லையா என்று சொல்ல முடியுமா?
– எட்டாம் வகுப்பு மாணவர், தென்காசி

‘இல்லை’ என்று பலமுறை சொல்லிவிடலாம். ‘ஆம்’ என்று மட்டும் பார்த்ததும் சொல்ல முடியாது. கடைசி இலக்கம் 2, 3, 7, 8 என்றால் இல்லவே இல்லை. கடைசியில் ஒற்றைப்படையாகப் பூச்சியங்கள் இருந்தாலும் இல்லை. 100 வர்க்க எண், 1000 அல்ல. 5-இல் முடிந்தால் கடைசி இரண்டு இலக்கமும் 25 ஆக இருக்கவேண்டும். 6-இல் முடிந்தால் பத்தாம் இடம் ஒற்றை எண்: 16, 36, 196, 576. 1, 4, 9-இல் முடிந்தால் பத்தாம் இடம் இரட்டை எண். ஆகவே 2134-ஐப் பார்த்ததும் தள்ளிவிடலாம். 4-இல் முடிகிறது, ஆனால் முன்னால் 3.

எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது என்பதற்காக வர்க்க எண் என்று எழுதிவிடாதீர்கள். 24-உம் 29-உம் தேறும், இரண்டுமே வர்க்க எண் இல்லை. முடிவாகச் சொல்லக் காரணிப்படுத்தியோ வர்க்கமூலம் எடுத்தோதான் பார்க்கவேண்டும்.

வர்க்கமூலத்துக்கான நீள் வகுத்தலில் ஈவை ஏன் இரட்டிக்கிறோம்? ‘அது அப்படித்தான்’ என்றே எனக்கும் சொல்லித்தந்தார்கள்.
– ட்யூஷன் எடுக்கும் வாசகி, சிதம்பரம்

1296-ஐ எடுத்துக்கொள்வோம். வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரித்தால் 12 | 96. 12-க்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 9, ஆகவே முதல் இலக்கம் 3. இந்த 3 உண்மையில் 30. 30-க்கு 30 சதுரம் போட்டு 900-ஐச் செலவழித்துவிட்டோம், மீதி 396. இந்த மீதியைச் சதுரத்தோடு ஒட்டி இன்னும் பெரிய சதுரமாக்க வேண்டும். வலப்பக்கம் 30 நீளத்தில் ஒரு பட்டை, கீழே 30 நீளத்தில் ஒரு பட்டை. இரண்டு பட்டைக்கும் சேர்த்து நீளம் 60. இரட்டிப்பது இதற்குத்தான். மூலையில் ஒரு குட்டிச் சதுரமும் வேண்டும், முதல் பதிலில் விட்டுப்போன புளியங்கொட்டை அதுதான். பட்டையின் அகலம் 6 என்றால் (60 + 6) × 6 = 396. மீதி இல்லை, விடை 36. கரும்பலகையில் இந்தப் படத்தைப் போட்டால், பிறகு (a + b)² வரும்போது 2ab எங்கிருந்து வந்தது என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, இடமிருந்து பிரிப்பது. 15129-ஐ 1 | 51 | 29 என்று பிரிக்கவேண்டும். 15 | 12 | 9 என்றால் முதல் இலக்கமே 3 ஆகிவிடும். 300-இன் வர்க்கமே 90,000 என்று கேட்டால் தானே விழிப்பார்கள். இரண்டாவது, மூன்றாம் படியில் கடைசி இலக்கத்தை மட்டும் இரட்டிப்பது. அதே 15129-இல் 12 வரை வந்தபின் 12 முழுவதையும் இரட்டித்து 24 எழுதவேண்டும், அதன் பக்கத்தில் 3 வைத்தால் 243 × 3 = 729 என்று முடியும். 2-ஐ மட்டும் இரட்டித்து 4 எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது, பூச்சியம். 41616-இல் 4 | 16 | 16. முதலில் 2, மீதி 0. 16-ஐ இறக்கினால், 2-ஐ இரட்டித்த 4-இன் பக்கத்தில் 1 வைத்து வரும் 41 × 1 கூட அதற்குள் அடங்காது. அங்கே ஈவில் 0 போட்டுவிட்டு அடுத்த 16-ஐ இறக்கவேண்டும். 404 × 4 = 1616, விடை 204. பூச்சியத்தை விட்டவர்கள் 24 என்று நீட்டுவார்கள். மூன்று தொகுதி இருந்தால் விடையிலும் மூன்று இலக்கம். இந்த ஒரு வரியைச் சொல்லிவைத்தால் அவர்களே பிடித்துவிடுவார்கள்.

1800-ஐ எந்த மிகச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கம் கிடைக்கும் என்ற கேள்விக்கு 8 என்று எழுதினேன். 14400 = 120² தானே? ஏன் மதிப்பெண் இல்லை?
– எட்டாம் வகுப்பு மாணவி, திண்டிவனம்

120² = 14400 சரிதான். ‘மிகச் சிறிய’ என்பதில்தான் மதிப்பெண் போயிற்று. 1800 = 2 × 2 × 2 × 3 × 3 × 5 × 5. ஜோடி சேர்த்தால் தனியாக நிற்பது ஒரே ஒரு 2. அதனால் பெருக்கினால் 3600 = 60². 2³ என்று அடுக்காக எழுதியதால் அது மொத்தமும் மிச்சம் என்று நினைத்திருப்பீர்கள். எண்களை விரித்து எழுதி ஜோடிகளைச் சுழித்துவிடுங்கள். ‘வகுக்க’ என்று கேட்டாலும் அதே 2-தான், 900 = 30² வரும்.

‘கூட்ட’, ‘கழிக்க’ என்று கேட்டால் காரணிகள் உதவாது. 42² = 1764, 43² = 1849. ஆகவே கழிக்க 36, கூட்ட 49.

0.5-ஐ வர்க்கப்படுத்தினால் 0.25. பெருக்கினால் பெரிதாகத்தானே வேண்டும்?
– வாசகர், மன்னார்குடி

பாதியில் பாதி கால்தான். ஒரு தோசையை நீளவாக்கில் பாதியாகவும், குறுக்கே பாதியாகவும் வெட்டிப் பாருங்கள். 0-க்கும் 1-க்கும் நடுவே உள்ள எந்த எண்ணும் வர்க்கப்படுத்தினால் சிறுக்கும், வர்க்கமூலம் எடுத்தால் பெரிதாகும். அதனால்தான் √0.9 என்பது 0.3 அல்ல, சுமார் 0.95. 0.3 என்பது 0.09-இன் வர்க்கமூலம்.