மேக் கிளீன் போட்டு, முன்பு கம்பைல் ஆனதை அழிக்காமல் பில்ட் சரியாக வருவதில்லையா?

மேக் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள்; பல கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் ஹெடரைத் திருத்தினால் சில கோப்புகள் மறுபடி கம்பைல் ஆவதில்லை, அதனால் சீமேக் என்ற வேறு பில்ட் கருவிக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு அடைவுக்குள்ளும் தனித்தனியாக மேக் ஓடுவதுதான் சிக்கல். பக்கத்து அடைவில் எது எதைச் சார்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

முதலில் உள் அடைவுகளில் உள்ள மேக்ஃபைல்களை, அதாவது பில்ட் விதிகள் எழுதிய கோப்புகளை, மேலே உள்ள ஒரே மேக்ஃபைலில் இன்க்ளூட் செய்யுங்கள். பாதைகளை மேலடைவிலிருந்து தொடங்கும்படி மாற்ற வேண்டியிருக்கும், சலிப்பான வேலைதான். அப்புறம் கம்பைலரான ஜிசிசிக்கு ‘-எம்எம்டி -எம்பி’ என்ற விருப்பங்களைக் கொடுங்கள். கம்பைல் ஆகி வரும் ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்போடும் ‘.டி’ என்று முடியும் சார்புப் பட்டியல் ஒன்று உருவாகும். அவற்றையும் இன்க்ளூட் செய்தால் ஹெடர் தொல்லை தீர்ந்துவிடும்.

அதன்பிறகும் மாற விரும்பினால், பழையதை உடனே அழிக்காதீர்கள். 2023இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 16 என்ற தரவுத்தள மென்பொருளில் மீசன் என்ற வேறு பில்ட் கருவி சேர்ந்தபோது, மேக் வழியும் கூடவே இருந்தது.