கார் ஆனிங்: வெயிலுக்குச் சரி, மழைக்கும் காற்றுக்கும் எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: நாங்கள் இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள். எஸ்.யூ.வி.யில் முகாமுக்குப் போகிறோம். இரவில் தூங்கக் கூடாரம் இருக்கிறது. பகலில் உட்கார நிழல்தான் இல்லை. கார் கூரைக் கேரியரில் பொருத்தி, பந்தல் போலப் பக்கவாட்டில் விரிக்கும் துணிக்கூரையான ஆனிங் வாங்க நினைக்கிறோம். நேராக இழுத்து விரிக்கும் சாதாரண வகை போதுமா, இல்லை காரின் பக்கவாட்டையும் பின்புறத்தையும் சுற்றி 270 டிகிரிக்கு விரியும் பெரிய வகை தேவையா? மழை, காற்றுக்குத் தாங்குமா? அதன் கீழேயே படுத்துக்கொள்ளலாமா?

பதில்: நான்கு பேர் பகலில் உட்கார இரண்டரை மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் உள்ள சாதாரண ஆனிங் தாராளம். 270 டிகிரி வகையில் நிழல் அதிகம்தான். பின்கதவைத் திறந்து வைத்துச் சமைப்பவர்களுக்கு அது மிகவும் வசதி. ஆனால் பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். விரித்ததும் அதன் கரங்கள் எல்லாம் காரின் ஒரு பின்மூலையில் இருக்கும் கீலில்தான் தொங்கும். சாதாரண வகை பெரும்பாலும் இதில் ஏறத்தாழ பாதி எடைதான் வரும். காரின் கையேட்டில் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். பல கார்களில் அது 50 முதல் 75 கிலோதான். அதில் கேரியரின் எடையும் சேர்த்தி. மேலே பெட்டிகளும் ஏற்றுகிற பழக்கம் உண்டென்றால் முதலில் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எதை வாங்குகிறோம் என்பதைவிட, முகாமில் காரை எந்தத் திசை பார்த்து நிறுத்துகிறோம் என்பதுதான் நிழலைத் தீர்மானிக்கிறது. வாங்குகிற பலர் இதை யோசிப்பதே இல்லை.

கணக்கு எளிது. ஆனிங் இரண்டு மீட்டர் உயரத்தில், காரிலிருந்து இரண்டரை மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். சூரியன் தரையிலிருந்து 45 டிகிரி உயரத்தில் இருந்தால் நிழல் இரண்டு மீட்டர் நகர்ந்து விழும். சூரியன் ஆனிங் இருக்கும் பக்கத்திலிருந்து அடித்தால் நிழல் காரை நோக்கி ஓடிவிடும். உட்கார அரை மீட்டர் பட்டைதான் மிஞ்சும். இன்னும் இறங்கி 30 டிகிரிக்கு வந்தால் நிழல் மூன்றரை மீட்டர் நகரும். அதாவது முழுக்க காருக்கு அடியிலும் கார் மேலும் போய்விடும், நாற்காலியில் இருக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதே 45 டிகிரி வெயில் காருக்கு மறுபக்கத்திலிருந்து வந்தால் காரே சுவராக நின்று மறைக்கும், ஆனிங்கின் நிழல் அதைத் தாண்டி நீளும். கார் ஓரத்திலிருந்து நாலரை மீட்டர் வரை நிழல்.

ஆகவே பிற்பகலில் உட்காரப் போகிறீர்கள் என்றால் ஆனிங் காரின் கிழக்குப் பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் பொருத்தியிருந்தால் காரின் முகம் தெற்கே. காலைப்பொழுதுதான் முக்கியம் என்றால் முகம் வடக்கே. இரண்டு வேளையும் ஒரே இடத்தில் என்றால் பிற்பகலுக்கு ஏற்றபடி நிறுத்துங்கள், அப்போதுதான் சூடு அதிகம். காலை வெயிலுக்கு ஆனிங்கின் வெளிவிளிம்பில் தொங்கவிடும் பக்கத் திரை ஒன்று போதும். திரையை ஆனிங்கோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பலர் அதை ஆடம்பரம் என்று விட்டுவிடுகிறார்கள். சூரியன் தாழ்ந்த பிறகு மேலே இருக்கிற துணியைவிட அந்தத் திரைதான் வேலை செய்யும்.

துணி விஷயம். யு.பி.எஃப். 50 என்று போட்டிருந்தால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணி வழியே இறங்கும். நல்லதுதான். ஆனால் வானத்திலிருந்து சிதறி வருவதும், மணல், தண்ணீர் மேல் பட்டுத் திரும்புவதும் பக்கவாட்டில் வரும், அதைத் துணி தடுக்காது. கடற்கரையில் நிழலில் இருந்தாலும் குழந்தைகளுக்குத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் வேண்டும். மேல்புறம் வெளிர் நிறமோ வெள்ளிப் பூச்சோ இருந்தால் துணி சூடாகி அந்தச் சூட்டைக் கீழே இறக்குவது குறையும்.

சரி, மழை. இதமான மழைக்கு ஆனிங் நன்றாகவே தாங்கும், ஒரு நிபந்தனையோடு: தண்ணீர் ஓட வழி வேண்டும். பலகை போலச் சமமாக விரித்தால் பார்க்க அழகு, மழையில் ஆபத்து. இரண்டரைக்கு இரண்டரை மீட்டர் துணி மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 62 லிட்டர் தண்ணீர். அது தேங்கினால் 62 கிலோ ஒரே பள்ளத்தில் உட்காரும். அலுமினியக் கரம் வளைவதும் கேரியர் கிளாம்ப் நழுவுவதும் பெரும்பாலும் இப்படித்தான். வெளிப்பக்கக் கால்கள் இரண்டையும் கொஞ்சம் தாழ்த்தி, அதில் ஒன்றை இன்னும் ஒரு சாண் தாழ்த்திவிடுங்கள். தண்ணீர் ஒரே மூலையில் வடியும். அந்த மூலை கூடாரப் பக்கமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்ததும் துணியோ கயிறோ தளரக்கூடும் என்பதால் மழை தொடங்கிச் சிறிது நேரத்தில் கயிறுகளை ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும். ஏற்கெனவே தேங்கிவிட்டதா? குச்சி முனையால் குத்தித் தள்ளாதீர்கள், விரித்த உள்ளங்கையால் மெதுவாக ஓரத்தை நோக்கித் தள்ளுங்கள்.

காருக்கும் ஆனிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். அதற்கென மடிப்புத் துணி வைத்த வகைகளும் உண்டு. இல்லாவிட்டால் நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டால் ஆயிற்று.

காற்றுதான் உண்மையான எதிரி. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஆறு கிலோ எடை தருகிற அழுத்தம். உங்கள் ஆனிங்கின் பரப்பு ஆறேகால் சதுர மீட்டர், ஆக ஏறத்தாழ 38 கிலோ. காற்று 54 கிலோமீட்டருக்கு ஏறினால் அதுவே 85 கிலோவைத் தாண்டும். துணி எந்நேரமும் காற்றுக்கு நேராக நிற்காதுதான், ஆனால் அடியில் புகுந்து மேலே தூக்கும் ஒரு வீச்சில் கிட்டத்தட்ட அந்த நிலை வந்துவிடும். கார் இரண்டு டன் கனம், எங்கே போகும் என்று நினைக்க வேண்டாம். கார் போகாது, காரோடு கட்டிய பக்கமும் போகாது. வெளிப்பக்கம் எழும்பிப் புரண்டு கார் கூரை மேல் விழும், கேரியரையும் முறுக்கிவிடும்.

காற்றுமானி தேவையில்லை, கண்ணே போதும். தூசியும் காகிதமும் பறக்கத் தொடங்கினால் எல்லாக் கயிறுகளும் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இலையோடு நிற்கும் சிறு மரங்கள் ஆடத் தொடங்கினால் சுருட்டிவிடுங்கள். “இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்” என்று இருந்தால், நாலு பேர் பிடித்தும் சுருட்ட முடியாத நிலை வரும். இடி முழக்கம் கேட்டாலும் அப்படியே: எல்லாரும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், இரும்புக் கூரை உள்ள மூடிய கார் மின்னலுக்குப் பாதுகாப்பு, ஆனிங் இல்லை. வெயிலுக்கு ஏற்ற திசையும் காற்றுக்கு ஏற்ற திசையும் முரண்பட்டால் காற்றுக்கே விட்டுக்கொடுங்கள், காற்று வரும் பக்கத்தில் கார், மறுபக்கத்தில் ஆனிங்.

முளைகளைக் காற்றில்லாத நாளிலும் அடித்தாக வேண்டும். “கால் இல்லாமலே நிற்கும்” என்று விற்கப்படும் 270 டிகிரி வகைகளுக்கும் இது பொருந்தும். முளையின் தலை ஆனிங்கை விட்டு விலகிச் சாய்ந்திருக்க வேண்டும், கயிறு தரையோடு 45 டிகிரி. மணலில் சாதாரண முளை உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் அசையாது. பாறைத் தரை என்றால் 20 லிட்டர் தண்ணீர் கேனில் கட்டலாம். ஆனால் அது 20 கிலோதான், மேலே சொன்ன கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறுகளில் பளிச்சென்ற துணித் துண்டு கட்டாவிட்டால் இருட்டில் யாராவது தடுக்கி விழுவது நிச்சயம்.

இரவில் படுக்கலாமா? காற்றில்லாத வறண்ட இரவில், கொசுவலை இருந்தால், படுக்கலாம்தான். ஆனாலும் கூடாரம் இருக்கும்போது நான் பரிந்துரைக்க மாட்டேன். தூங்குகிறவருக்குக் காற்று மாறியது தெரியாது. என் யோசனை: கூடாரத்தின் வாசலை ஆனிங்கை நோக்கி வையுங்கள், உள்ளே புகுமுன் ஆனிங்கைச் சுருட்டிவிடுங்கள். முகாமை விட்டு நடக்கப் போகும்போதும் அப்படியே. பெரிய மரக்கிளைக்கு நேர் கீழே விரிக்கவும் வேண்டாம்.

சமையல் அடுப்பை வெளிவிளிம்புக்கு அப்பால் வையுங்கள். பாலியஸ்டர் துணி எரிவதற்கு முன் உருகிச் சொட்டும். பக்கத் திரைகளை எல்லாம் மூடிக்கொண்டு உள்ளே கேஸ் அடுப்போ கரியோ எரிப்பது அதைவிட மோசம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும்.

ஒரு குறையைக் கடைக்காரர் சொல்லமாட்டார்: ஆனிங் விரித்திருக்கும்வரை கார் கட்டிப்போட்ட கார். தண்ணீர் வாங்கக் கிளம்பவும் எல்லாவற்றையும் சுருட்ட வேண்டும். தினமும் காரை எடுத்துக்கொண்டு சுற்றுவது உங்கள் பழக்கம் என்றால் ஆனிங்கே வேண்டாம், இரண்டு கம்பும் நல்ல தார்ப்பாயும் தனியாக நட்டுக்கொள்ளுங்கள், செலவும் குறைவு. ஆனிங்தான் என்றால், விரித்தவுடன் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். மறந்து வண்டியைக் கிளப்புவது நீங்கள் நினைப்பதைவிட எளிது.

பொருத்தும்போது கதவுகளும் பின்கதவும் முழுசாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். நட்டுகள் தானாகக் கழலாத நைலான் வளைய வகையாக இருக்கட்டும். முதல் கரடுமுரடான சாலைக்குப் பிறகு இறங்கி எல்லாவற்றையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். காரின் மொத்த உயரமும் கூடியிருக்கலாம், அடித்தள வாகன நிறுத்தங்களில் கவனம்.

ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால் வீடு திரும்பியதும், அதிகபட்சம் மறுநாளே, விரித்துக் காயவிடுங்கள். பருத்தி கலந்த கேன்வாஸ் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு உள்ள துணி ஈரத்திலேயே கிடந்தால் பூச்சு பிசுபிசுத்து உரியும். புதுக் கேன்வாஸ் என்றால் முதல் பயணத்துக்கு முன்பே வீட்டில் விரித்து நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். நூல் உப்பித் தையல் ஓட்டைகள் அடைபடும். அழுக்கை வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் கொண்டு தேய்த்தால் போதும். சலவைத் தூள் வேண்டாம், நீர்புகாப் பூச்சை அது அரித்துவிடும்.