ஐந்து வருஷக் கணக்கு வேறு, ஏப்ரல் டிஏ வேறு

கேள்வி: மேடம், பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். ஏப்ரல் வந்தால் சம்பளம் கொஞ்சம் ஏறும். இந்த வருஷம் ஏறவில்லை, நாலு மாதம் ஆகிவிட்டது. எச்ஆரில் கேட்டால், "மினிமம் வேஜஸை கவர்ன்மெண்ட் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் திருத்தும், அதுவரைக்கும் இதே சம்பளம்தான்" என்கிறார்கள். பழைய சம்பளத்துக்கே சம்மதம் என்று கன்னடத்தில் இருந்த ஒரு பேப்பரில் லைனில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டுவிட்டேன். இனி கேட்க முடியாதா? இன்னொன்று, கார்டில் என்னை ஹெல்பர் என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் மூன்று வருஷமாக மெஷினில் தைக்கிறேன்.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, பெங்களூரு

பதில்: கேட்கலாம் சகோதரி. அந்தக் கையெழுத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டப்படி வரவேண்டிய கூலியை விட்டுக்கொடுப்பதாக எந்த ஒப்பந்தம் போட்டாலும் அது செல்லாது. 1948ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே அப்படித்தான் இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

எச்ஆர் சொன்னதில் இரண்டு விஷயம் குழம்பிக் கிடக்கிறது. ஐந்து வருஷம் என்பது அரசாங்கத்துக்கு விதித்த கெடு. கூலி விகிதத்தை வழக்கமாக ஐந்து ஆண்டுக்கு மேற்படாத இடைவெளியில் பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். முன்னாடியே திருத்தவும் தடை இல்லை. உங்களை ஐந்து வருஷம் காத்திருக்கச் சொல்லும் விதி அல்ல அது. ஏப்ரலில் ஏறுவது வேறு: விலைவாசிக் குறியீட்டெண் ஏறியதற்கு ஏற்பக் கூடும் பஞ்சப்படி, அதாவது டிஏ. கன்னடத்தில் துட்டி பத்யே என்பார்கள். கர்நாடகத்தில் அது வருஷா வருஷம் ஏப்ரல் 1 முதல் மாறும். அரிசியும் கேஸும் ஐந்து வருஷம் காத்திருந்து விலை ஏறுவதில்லையே!

இந்த ஊர் கார்மெண்ட்ஸில் இது முன்பும் நடந்தது. 2020 ஏப்ரலில் மாதம் 417 ரூபாய் 60 காசு ஏற வேண்டியிருந்தது. மாநில அரசு அதைத் தள்ளிவைத்து உத்தரவு போட்டது. அந்த உத்தரவுக்கு உயர் நீதிமன்றம் அதே வருஷம் செப்டம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. அதற்குப் பிறகும் பல ஆலைகள் கொடுக்காமல் இழுத்தடித்தன. தொழிற்சங்கங்கள் விடாமல் நின்றதாலும், வெளிநாட்டு பிராண்டுகள் நெருக்கியதாலும்தான் நிலுவை கைக்கு வரத் தொடங்கியது.

மாதம் நானூறு ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த 417.60ஐயே எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 5,011 ரூபாய். பிஎஃப்பில் கம்பெனி போட வேண்டிய பன்னிரண்டு சதவீதத்தில் மாதம் ஐம்பது ரூபாய் குறையும். ஓவர்டைம் இரட்டைக் கூலி என்பதால் அங்கேயும் நஷ்டம். நாளைக்கே வேலையை விட்டால், ஒன்பது வருஷ சர்வீஸுக்கு கிராஜுவிட்டியில் மட்டும் சுமார் 2,168 ரூபாய் போய்விடும்.

ஆனால் மனுப் போடும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டுத் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்நாடகத்திலிருந்து போன ஏர்ஃபிரைட் என்ற கம்பெனியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல், அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும் சேர்ந்த மொத்தம்தான் குறைந்தபட்சக் கூலி என்றது. அந்த மொத்தத்துக்கு மேலேயே ஏற்கெனவே சம்பளம் கொடுக்கும் முதலாளி பஞ்சப்படியைத் தனியாகத் தர வேண்டியதில்லை. ஆகவே இந்த வருஷத்துக்கு அறிவித்த ரேட்டையும் உங்கள் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓவர்டைம் பணத்தைக் கூட்டக் கூடாது. சீட்டில் இருப்பது குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம் உங்கள் பணம். சீட்டே தருவதில்லை என்றால் அதுவே ஒரு மீறல், அதையும் மனுவில் எழுதுங்கள். ரேட் அறிவிப்பு கன்னடத்தில்தான் இருக்கும். உங்களுக்குப் பேச வந்து படிக்க வராதென்றால், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் 'கனிஷ்ட வேதன' (குறைந்தபட்சக் கூலி) என்ற தலைப்பைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஹெல்பர் விஷயம். எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. கூலி விகிதம் திறமைக்குத் தக்கபடி பிரித்துப் போடப்படுவது. என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு, கார்டில் அச்சடித்த பெயர் அல்ல. மூன்று வருஷமாக மெஷினில் இருந்தால் தையல்காரர் ரேட்டோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால் உங்கள் நிலுவை பஞ்சப்படியை விடப் பெரியதாக வரலாம். எந்த லைன், எந்த ஆபரேஷன், காலரா ஸ்லீவா, டார்கெட் எவ்வளவு, பக்கத்து மெஷினில் யார் என்று ஒரு நோட்டில் இன்றே எழுதத் தொடங்குங்கள். தேதி போடுங்கள்.

மனுவைத் தனியாகப் போட வேண்டாம். ஒரே நிறுவனத்தில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரே மனுவாகக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. நீங்கள் சேர்ந்திருக்கும் பதிவு பெற்ற சங்கமும் கொடுக்கலாம். இருபது பேர் சேர்ந்து போட்டால் ஒருத்தியைக் குறிவைப்பது கஷ்டம். முதலில் எச்ஆருக்கு எழுத்தில் ஒரு கடிதம், வாங்கிக்கொண்டதற்கு நகலில் முத்திரை. பதில் வராவிட்டால் பன்னேர்கட்டா ரோட்டில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனில், இந்தக் கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரி யார் என்று கேட்டு மனுவைக் கொடுங்கள். கன்னடத்தில் எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். மனுப் போடப் பழைய சட்டத்தில் ஆறு மாதமே கெடு. இப்போது மூன்று வருஷம். கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கம்பெனியுடையது. நிலுவையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பத்து மடங்கும் கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விகிதமே குறைவு என்று நீங்கள் எல்லோரும் நினைப்பது நியாயம்தான். அதற்கு வழி வேறு. அரசு வரைவை வெளியிட்டால், கருத்துச் சொல்ல இரண்டு மாதமாவது அவகாசம் இருக்கும். முதலாளிகள் அந்த நாட்களில் சும்மா இருப்பதில்லை. 2018இல் கார்மெண்ட்ஸுக்குக் கூலியை உயர்த்தும் வரைவு வந்து, ஒரே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த வரைவு வரும்போது, வாடகை, பால், பிள்ளை ஃபீஸ் என்று உங்கள் மாதச் செலவை ஒரு தாளில் எழுதி, லைன் மொத்தமும் கையெழுத்துப் போட்டுத் தொழிலாளர் துறைக்கு அனுப்புங்கள். இந்தக் கையெழுத்து உங்களுக்காகப் போடுவது.